ரெண்டாவது கரண்டி

குக்கரில் ஆவி அடங்கி வெகுநேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வாடகை அறையில், தட்டு தரையில், கரண்டி கையில், இசக்கிராணி சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி மூடியைத் திறக்காமல் குக்கரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்த ஒருத்திக்குத் தனக்குச் சோறு போட்டுக்கொள்ளத் தெரியவில்லை, அதுவும் ஊருக்கே அண்டாவும் கரண்டியும் வாடகைக்கு விடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு, இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எவ்வளவு போட வேண்டும். அவ்வளவுதான் கேள்வி. எடையைக் குறைக்கச் சொன்னபோது இந்தக் கேள்வியே வரவில்லை, குறைப்பது சுலபம், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டியதுதான், அதற்கு மூளை வேண்டாம், பிடிவாதம் இருந்தால் ஆயிற்று, அது அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. இப்போது ஏறவும் கூடாது இறங்கவும் கூடாது, அப்படியே நிற்க வேண்டும் என்கிறார்கள். நிற்பது எப்படி? உடம்பு என்ன பஸ்ஸா, விசில் அடித்ததும் நிற்க. காலையில் ஆஸ்பத்திரியில் எடை மிஷின்மேல் ஏறினபோது சிவப்பு எண் துடித்துத் துடித்து ஓர் இடத்தில் நின்றதும் டயட் மேடம் முகம் சுருங்கிவிட்டது. "மறுபடியும் இறங்கியிருக்கு. மூணு கரண்டி சாதம் சாப்பிடச் சொன்னேன்ல?" "மூணு கரண்டிதான் மேடம் சாப்பிடுதேன்." "மூணு கரண்டி சாப்பிடுற பொண்ணுக்கு எடை இறங்காதும்மா." "இறங்குதே, நான் என்ன பண்ண?" மேடம் குரலைத் தாழ்த்தினார், தாழ்த்தினதாக அவருக்கு நினைப்பு, கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "உண்மையைச் சொல்லு. சாப்பிட்டுட்டு பாத்ரூம்ல போய் வாந்தி எடுக்கிறியா? இந்த வயசுப் பொண்ணுங்க எடை குறைஞ்ச சந்தோஷத்துல அப்படிப் பண்றது உண்டு." சந்தோஷம். அவளுக்குக் காது மடல் கொதித்தது, இப்போது நினைத்தாலும் கொதிக்கிறது. வாழ்க்கையில் அவள் எவ்வளவோ தப்பு பண்ணியிருக்கிறாள், அக்கவுண்டன்சியில் பாஸ் பண்ணினதே பக்கத்து பெஞ்ச் புண்ணியத்தில், ஆனால் பொய் மட்டும் அவளுக்கு வராது, வந்தால் பாதிப் பள்ளிக்கூடச் சண்டை நடந்திருக்காது. அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் கதவிடுக்கில் தலையை நீட்டி மிஷினைப் பார்த்தார். சனிக்கிழமைக்குள்ள நிக்கணும், இன்னும் இறங்கினா உன் உடம்பு ஆபரேஷனைத் தாங்காது, தேதியைத் தள்ளித்தான் வைக்கணும், என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏற்கெனவே ஒருமுறை தள்ளியாகிவிட்டது, அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டதால். இன்னொருமுறை தள்ள அப்பாவிடம் நாள் இல்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அப்பாவின் கண்ணைப் பார்த்தால் போதாதா, மஞ்சளுக்கும் மேலே ஒரு மஞ்சள்.

அவள் மூடியைத் திறந்தாள். ஆவி வந்து முகத்தில் மோதியது. பொன்னி அரிசி வாசனை, கொஞ்சம் குழைந்த வாசனை, இந்தச் சென்னைத் தண்ணீருக்குச் சோறு குழைந்துதான் போகிறது. மூடினாள். இந்த வெள்ளைச் சோறுதான், இதேதான், உள்ளே போய் என்னென்னவோ ஆகிறது. முதலில் அவளுக்கு அது தெரியாது. தின்றால் வயிறு நிறையும், நிறைந்தால் சதை போடும், அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தாள். அப்பா ஆறுமுகநயினார் பெருத்த ஆள், பந்தல் போட்ட வீட்டில் எல்லாம் கடைசிப் பந்தியில் உட்கார வைத்து அனுப்புவார்கள், உட்கார்ந்தால் இலைக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். நயினாரையே அச்சில் போட்டு எடுத்தது மாதிரி மகள். பள்ளிக்கூட வேனில் அவளுக்குப் பெயர் அண்டா. "ஏ அண்டா, உனக்கு எத்தனை படி கொள்ளும்?" "உங்கய்யாவைக் கூட்டிட்டு வா, உள்ள உக்கார வச்சுக் காட்டுதேன்." அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அப்பாவுக்குக் கால் வீங்கியது, வயிற்றில் நீர் கட்டியது, வள்ளியூரில் பார்த்து நாகர்கோவிலில் பார்த்து கடைசியில் சென்னைக்கு அனுப்பினார்கள். ஈரல் சுருங்கிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அம்மாவைத் தனியே கூப்பிட்டுத் தண்ணியா என்று கேட்டார்கள். அப்பா ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அவர் காதில் விழுந்தபோது, "ஆமா, குடிச்சது வாஸ்தவம். பாயசம்" என்றார். அது பாதி உண்மை. கொழுப்பு ஈரலில் போய் உட்கார்ந்து உட்கார்ந்து அதைக் காயவைத்துவிட்டது, கூடச் சர்க்கரை வேறு. யாராவது ஒருவர் தன் ஈரலில் பாதிக்கு மேல் வெட்டிக் கொடுத்தால் பிழைப்பார் என்றார்கள். அம்மாவுக்கு ரத்தம் சேரவில்லை. இவளுக்குச் சேர்ந்தது. பதினெட்டு முடிய இரண்டு வாரம் பாக்கி, சட்டப்படி முடியணுமாம், காத்திருந்து முடிந்த மறுநாள் ஸ்கேன் எடுக்கப் படுத்தாள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையை இவள் பக்கம் திருப்பி, "வெள்ளையா மின்னுது பாத்தியா, இது பூரா கொழுப்பு. அப்பாவுக்கு இருந்ததே உனக்கும் ஆரம்பிச்சிருக்கு. இதை வச்சு உனக்கும் ஆபத்து, அவருக்கும் பிரயோஜனம் இல்ல. குறைச்சுட்டு வா" என்றார். அழகாக இருந்தது அது, அதுதான் கொடுமை. மார்கழிக் காலையில் குளத்துக்கு மேலே நிற்கிற பனி மாதிரி. அவளுக்குள்ளே இப்படி ஒரு பனி இறங்கியிருப்பது அவளுக்கே தெரியாது.

மூன்று மாதம். ஊரில், பணகுடியில், இட்லியை எண்ணி, எண்ணெயை அளந்து, விடிகிறதற்கு முன்னால் நாலு வழிச் சாலை ஓரம் நடந்து, லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கிண்டல் பண்ணி, வடையைப் பார்த்துத் திரும்பி நின்று. திரும்ப வந்து அதே கட்டிலில் படுத்து அதே திரையைப் பார்த்தபோது பனி இல்லை. சாம்பல் நிறத்தில் அமைதியாக ஒரு ஈரல் கிடந்தது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது இப்போதும் நினைவு இருக்கிறது, ஸ்கேன் டாக்டரம்மா ஜெல்லைத் துடைக்கச் சொல்லித் துணி கொடுத்தும் அவள் துடைக்கவில்லை. அதை அவள் தொட்டதில்லை, பார்த்ததில்லை, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் படித்து மறந்தது. இவள் பஜாரில் நின்று ஒரு வடையை வேண்டாம் என்று சொன்னது அங்கே எப்படிக் கேட்டது? யார் போய்ச் சொன்னது? ஒவ்வொரு வேண்டாமுக்கும் உள்ளே ஒரு புள்ளி வெள்ளை அணைந்திருக்கிறது. இத்தனை வருஷமாக உள்ளே ஒன்று உட்கார்ந்து அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, வாத்தியார் சொல்லி அவள் கேட்டதில்லை, அவள் சொல்லி அது கேட்டிருக்கிறது. இதைவிடப் பெரிய சங்கதி ஒன்றைப் பெரிய டாக்டர் சாதாரணமாகச் சொன்னார், பேனாவால் காது குடைந்துகொண்டு: வெட்டினால் வளர்ந்துவிடுமாம். இவளிடம் மிஞ்சினதும் வளரும், அப்பாவுக்கு வைத்ததும் வளரும், சில மாதத்தில் ஏறக்குறைய முழு அளவுக்கு. பல்லி வால் மாதிரி. அவள் கேட்டாள், "எதை வச்சு சார் வளரும்?" அவர் குடைவதை நிறுத்தி இவளைப் பார்த்தார். "சாப்பிடுறதை வச்சுத்தான். வேற எதை வச்சு?" வேறெதுவும் இல்லை. இந்தக் குக்கருக்குள் இருக்கிறதுதான். இது வாய்வழியே இறங்கி அங்கே போய் ஈரலாக நிற்கும், பிறகு அதை எடுத்து அப்பாவுக்குள் வைப்பார்கள், அங்கே அது அப்பாவாக நிற்கும். இதை அறிந்த பிறகும் மனிதர்கள் எப்படி டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். அவளால் முடியவில்லை. ஒவ்வொரு பருக்கையும் அவளைக் கேள்வி கேட்டது. நான் ஈரலாகப் போகிறேனா, பனியாகப் போகிறேனா? குறைவாய்த் தின்றால் உடம்பு தாங்காது, கூடத் தின்றால் வெள்ளை திரும்பி வரும், இரண்டில் எது நடந்தாலும் கட்டிலில் கிடக்கிற ஆளுக்குத்தான் உயிர் போகும். நடுவில் எங்கேயோ ஒரு கோடு இருக்கிறது. அது எந்தப் பருக்கையில் இருக்கிறது என்று யாரும் காட்டித் தரவில்லை.

போன் அடித்தது. வீடியோ கால். அப்பாவின் மூக்கும் ஒரு கண்ணும் தெரிந்தன, பிறகு ஆஸ்பத்திரிக் கூரை, பிறகு மறுபடியும் மூக்கு. அம்மா சொர்ணம்தான் போனைப் பிடித்திருக்கிறாள் போல, ஆட்டிக்கொண்டே இருந்தாள். "என்னட்டி பண்ணுத?" அப்பாவின் குரல் மெலிந்துவிட்டது, ஆளைப் போலவே, வயிறு மட்டும்தான் பெரிசு. "சோறு போட உக்காந்திருக்கேன்." "நல்ல காரியம். மேடம் ஏசுனாளாமே, அம்மை சொன்னா." "ஏசட்டும். நான் பொய் சொல்லலப்பா." "நீ சொல்ல மாட்ட. உனக்கு அந்த அளவு புத்தி கிடையாது." அவருக்குச் சிரிக்க மூச்சு தேவைப்பட்டது, கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "ராணி, எனக்குத் தரப்போற சரக்கு நல்லா இருக்குல்ல? ஓட்டை ஒடுக்கல் இல்லாம வரணும். வாடகைக்குத் தாறியா, மொத்தமாத் தாறியா, இன்னைக்கே பேசி முடிச்சிருவோம்." "வாடகைக்குத்தான். கீறல் விழுந்துச்சு, அட்வான்ஸ் திரும்பாது." "கழுவித் தரணுமா?" "பாயசம் ஒட்டாம கழுவித் தரணும்." பின்னால் அம்மா, "உங்களுக்கும் அவளுக்கும் வேற பேச்சே கிடையாதா, பிள்ளை பசியோட இருக்கா" என்றாள். பிறகு அம்மாவின் முகம் திரையை அடைத்தது. "ஏளா, நான் இப்ப குளிக்க வாரேன். எனக்காகப் பாத்துட்டு இருக்காத. போட்டுச் சாப்பிடு. ஒத்தக் கரண்டியோட எந்திரிச்சிராத, சொல்லிட்டேன்." அதை ஒவ்வொரு நாளும் சொல்வாள். அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். "போடு, நான் பாக்கேன். கண்ணாலயாவது ஒரு பந்தி விசாரிக்கேன்." அவருக்கு உப்பில்லாத கஞ்சி, அதுவும் வாந்தி. சரி, பார்த்துக்கொள்ளட்டும். இசக்கிராணி போனைக் குழம்புச் சட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள், கரண்டி நிறைய அள்ளித் தட்டில் கவிழ்த்தாள். "ஒண்ணு," என்றார் அப்பா, பந்தியில் நிற்கிற தோரணையில். மறுபடியும் அள்ளினாள், கரண்டி நுனியைத் தட்டில் லேசாகத் தட்டினாள். "ரெண்டு." இன்னொருமுறை அள்ளி, தட்டினாள். "மூணு. ம், அடுத்த இலையைக் கவனி." நர்ஸ் குரல் குறுக்கே வந்தது, சார், ஊசி, போனை வைங்க. திரை கறுத்தது.

அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. கரண்டியில் சோறும் அப்படியே நின்றது. கோபுரம் மாதிரி, நுனியில் மட்டும் கொஞ்சம் சரிந்து. மூணு என்று சொன்னாரே. அவரும் சொன்னார், அவளும் மனசுக்குள் சொன்னாள், இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள், சொன்னபோது கரண்டி நிறைய இருந்த சோறு கரண்டியிலேயே இருந்தது. அவள் தட்டைப் பார்த்தாள். ஒரு குவியல். குவியலின் ஓரத்தில் உதிரியாகச் சில பருக்கைகள். விரலால் அவற்றை மெல்ல ஒதுக்கினாள். இது ரெண்டாவது கரண்டி. இது மூணாவது கரண்டி. ஒரு காக்காய்க்குக்கூடக் காணாது. வீட்டில் எப்போதும் இப்படித்தான், யாருக்குமே ஒருமுறை மட்டும் போட மாட்டார்கள், ஒருமுறை போட்டு நிறுத்துவது செத்தவருக்குப் படைக்கிற சோறு, உயிரோடு இருக்கிறவருக்கு மறுபடியும் கரண்டி தட்டைத் தொட வேண்டும், தொட்டால் ஆயிற்று, விழுவது எத்தனை பருக்கை என்று யார் பார்த்தது. அம்மா போட்டாலும் அப்படித்தான், சித்தி போட்டாலும் அப்படித்தான், பசிக்கிறவன் அதற்கப்புறம் கேட்டு வாங்கிக்கொள்வான், அதற்குப் பெயர் மறுசோறு, அதன் கணக்கு வேறு. எவ்வளவு சாப்பிடுவாய் என்று முதல்நாள் டயட் மேடம் கேட்டபோது இவள் மறுசோறு எல்லாம் சேர்த்து வெட்கப்படாமல் சொன்னாள், மேடம் கேட்டுக்கொண்டு, இனிமே மத்தியானம் ரெண்டே ரெண்டு கரண்டி, என்றார். சரி என்று வந்து ரெண்டு கரண்டி தின்றாள். மூன்று மாதம், நாள் தவறாமல், ஒரு கரண்டியும் நாலு பருக்கையும். பிறகு இறங்கினது போதும், நிறுத்து, மூணாக்கு என்றார், மூணாக்கினாள், இன்னும் நாலு பருக்கை. மணிக்கட்டுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. பயம் வேறு அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டாள், அது இல்லாவிட்டால் மூணாவதையாவது கொஞ்சம் நிறையச் சரித்திருப்பாள். அவள் சிரித்தாள். தனியாக இருக்கிற அறையில் சிரிப்பு சுவரில் மோதித் திரும்பி வந்தபோது வேறு யாரோ சிரிப்பது மாதிரி இருந்தது, நிறுத்திக்கொண்டாள். அப்பா செத்துவிடக் கூடாது என்றுதானே அம்மா தினமும் ஒத்தக் கரண்டி கூடாது என்கிறாள். சாவு வீட்டுக்குள் வராமல் இருக்க அம்மா வைத்த காவல் அது, அந்தக் கரண்டி நுனி. அதுவே அப்பாவின் தேதியைத் தள்ளப் பார்த்திருக்கிறது. இதில் யார்மேல் கோபப்படுவது? தேடிப் பார்த்தாள், கோபத்துக்கு ஆள் அகப்படவில்லை. கோபம் வராத இடத்தில் வேறொன்று வந்து நின்றது, அதற்குப் பெயர் தெரியவில்லை, தொண்டைக்குக் கீழே பெரிய மணி ஒன்று அடித்து ஓய்ந்த மாதிரி. ஒரே ஒரு கரண்டி. அதை வைத்துக்கொண்டு இந்த உடம்பு நடந்திருக்கிறது, படி ஏறியிருக்கிறது, அப்பாவைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறது, அதோடு உள்ளே பனியையும் துடைத்திருக்கிறது. சம்பளம் கொடுக்காத வீட்டில் வேலை பார்த்த மாதிரி, ஒரு முணுமுணுப்பு இல்லாமல். தொடையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். அண்டா என்றார்களே. யாரிடமோ மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது, அந்த யாரோ இந்தத் தோலுக்குள்ளேயே இருந்தது.

உட்கார்ந்து யோசிப்பது அவளுக்கு ஆகாது. போனை எடுத்தாள். "மேடம், இசக்கிராணி பேசுதேன். நான் பொய் சொல்லல. ஆனா நான் சாப்பிட்டது மூணு இல்ல. ஒண்ணு." அந்தப் பக்கம் ஏதோ தட்டு நகர்கிற சத்தம், மேடமும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார் போல. "என்ன சொல்ற? புரியல." "எங்க வீட்ல ரெண்டாவது கரண்டி சும்மா மேடம். ஒத்தையாப் போடக்கூடாதுன்னு நுனியைத் தொட்டு எடுத்துருவோம். ஆனா ரெண்டுன்னுதான் சொல்லுவோம். மூணாவதும் அப்படித்தான் போட்டிருக்கேன். இப்பத்தான் பாத்தேன்." தட்டுச் சத்தம் நின்றது. பிறகு மேடம், "எங்கம்மாவும் அப்படித்தான் போடுவாங்க," என்றார், தனக்குத்தானே சொல்வது மாதிரி. "எத்தனை பேருக்குக் கரண்டிக் கணக்கு சொல்லியிருக்கேன், எனக்கு இது தோணவே இல்ல பாரு. அப்போ மூணு மாசமா ஒரே கரண்டியா? தலை சுத்தலையா உனக்கு?" "சுத்துச்சு. கொழுப்பு கரைஞ்சா அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்." "கடவுளே. காலைல உன்னை அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா." "சரி மேடம். இப்ப எவ்வளவு போடணும், அதைச் சொல்லுங்க." "நிஜமா ரெண்டு போடு. எடுத்த எடுப்புல மூணு வேண்டாம்." "ரெண்டுன்னா சரியா இருக்குமா? ஏறிருச்சுன்னா? வெள்ளை திரும்ப வந்துருச்சுன்னா?" "ஒரு நாள் சோத்துல அதெல்லாம் வந்து உக்காராது. சரியா இவ்வளவுன்னு எனக்கும் தெரியாதும்மா, ஒவ்வொரு உடம்புக்கு ஒண்ணு. ரெண்டு சாப்பிட்டுப் பாரு, பசி இருந்தா இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ. சனிக்கிழமை மிஷின்ல பாப்போம்." படித்து, மேசை போட்டு, பேனா வைத்திருக்கிறவருக்கும் தெரியாதாம். இதைக் கேட்டு அவளுக்குப் பயம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. "பசி இருக்கா இல்லையான்னு எப்படி மேடம் தெரியும்?" பசியை அவள் மூன்று மாதமாகச் செருப்பால் அடித்து வெளியே நிறுத்தியிருந்தாள், அது இன்னும் வாசலில்தான் நிற்கிறதா, எங்காவது போய்த் தொலைந்துவிட்டதா. மேடம் இந்தமுறை நிஜமாகவே குரலைத் தாழ்த்தினார். "தெரியும்மா. சாப்பிட உக்காரு, தெரியும்."

ரெண்டாவது கரண்டி. அள்ளினாள், கை தன் பாட்டில் நுனியைக் கொண்டுபோய்த் தட்டில் தொட்டது, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் கவிழ்த்தாள். சோறு பொத்தென்று விழுந்தது. இரண்டு குவியல் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு மலை மாதிரி, பணகுடியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியுமே அப்படி. இவ்வளவா. இவ்வளவு சோற்றை ஒரு ஆள் தின்பது நியாயமா என்று இருந்தது, ஆறு மாதத்துக்கு முன்னால் இதற்கு மேலும் மறுசோறு கேட்டவள்தான். முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றினாள். பீன்ஸ் பொரியல், அவித்த முட்டை. முதல் வாய் சுட்டது. இரண்டாவது வாயில் நாக்குக்கு அடியில் எங்கிருந்தோ தண்ணீர் ஊறி வந்தது, கிணற்றில் ஊற்றுக்கண் திறந்த மாதிரி, அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு அதைக் கவனித்தாள். புளிப்பு தனியாக, உப்பு தனியாக, சோற்றுக்குள் ஒளிந்திருந்த ஒரு சின்ன இனிப்பு தனியாக. பயம் போகவில்லை, அது ஒவ்வொரு உருண்டைக்கும் பின்னால் நின்று பனி, பனி என்றது. ஆனால் அதற்குப் பின்னால் வேறு ஏதோ எழுந்திருந்து நடமாட ஆரம்பித்தது. ஒரு வாய் எனக்கு, ஒரு வாய் அப்பாவுக்கு என்று நினைத்துப் பார்த்தாள், சீரியல் மாதிரி இருந்தது, விட்டுவிட்டாள். உள்ளே இருக்கிறதுக்கு எனக்கு, அப்பாவுக்கு என்ற வித்தியாசம் கிடையாது, யாருக்குள் வைத்தாலும் அது பேசாமல் வளரப் போகிறது. யாருக்குப் பிறந்தோம், யாருக்காகக் குறைத்தோம், யார் பந்தல் போட்டது, யார் அண்டா என்று கத்தினது, எதுவும் அதற்குத் தெரியாது. சோறு வந்தால் வளரும். அவ்வளவு பெரிய காரியத்துக்கு இவ்வளவு சின்னக் கூலி. குழம்பு காரம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள், தோளில் அப்பாவின் அழுக்குத் துணிப் பை, முகத்தில் ஆஸ்பத்திரிக் களைப்பு. வந்தவள் பையை இறக்காமல் தட்டைப் பார்த்தபடி நின்றாள். "எவ்வளவு போட்ட?" "ரெண்டு." "ரெண்டா இது?" "இதாம்மா ரெண்டு. நீ போடுதது ரெண்டே இல்ல. ஒண்ணு. மேடத்துக்கிட்ட போன் போட்டுச் சொல்லிட்டேன்." மெதுவாகச் சொல்லியிருக்கலாம், மெதுவாகச் சொல்ல அவளுக்கு எங்கே வருகிறது. அம்மா பையோடு சுவர் ஓரம் சரிந்து உட்கார்ந்தாள். கரண்டியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், வலது கை தானாக ஒருமுறை நுனியைத் தட்டுகிற மாதிரி அசைந்து நின்றது. "நானாட்டி உன்னை இப்படி..." "நீ ஒண்ணும் பண்ணல. நானும்தான் போட்டேன். அப்பாவும் போன்ல பாத்து எண்ணிட்டு இருந்தாவ. குடும்பமே கணக்குல புலி." அம்மா சிரிக்கவில்லை. "இவ்வளவு தின்னா திரும்ப வந்துராதா, அந்தக் கொழுப்பு?" பாவம், அவளுக்கும் இரண்டு பக்கமும் பயம், ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் மகள், நடுவில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதமாக நின்றிருக்கிறாள். "தெரியாது," என்றாள் இசக்கிராணி. "மேடத்துக்கும் தெரியாதாம்." இரண்டு குவியலும் தீர்ந்தன. விரலில் ஒட்டியதை நக்கிக்கொண்டு அவள் உள்ளே காதைக் கொடுத்தாள். ஏதோ ஒன்று இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தது. கெஞ்சவில்லை, கத்தவில்லை, சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. இதுதானா? இவ்வளவு சாதுவானதா பசி, இதையா பிசாசு மாதிரி பயந்தோம்? குக்கரைத் திறந்து இன்னும் ஓர் அரைக் கரண்டி போட்டாள். அம்மாவின் கண் அவள் கையோடு போய்க் கையோடு திரும்பியது. தயிர் ஊற்றிப் பிசைந்தாள், ஒரு வாய், இன்னொரு வாய், அடுத்து இன்னொன்று. அறைக்குள் மின்விசிறி மட்டும் கறகறவென்று சுற்றியது. பிறகு, அடுத்த உருண்டையை விரல்கள் திரட்டிக்கொண்டிருக்கும்போது, விலாவுக்குக் கீழே எங்கோ, நீண்ட நேரம் அழுதுகொண்டிருந்த குழந்தை திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனது மாதிரி, ஒன்று அமைதியானது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் சொல்லவில்லை. கை தட்டிலேயே நின்றது. மூச்சைக்கூட மெதுவாக விட்டாள், எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "என்னட்டி?" என்றாள் அம்மா. "ஒரு வாய்தான இருக்கு, என்ன?" "போதும்." மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்ன 'போதும்' ஒன்றைக்கூட அம்மா நம்பியதில்லை, ஒவ்வொன்றுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறாள். இந்தமுறை முகத்தைத் திருப்பவில்லை. மகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்த அந்த ஒரு வாய்ச் சோற்றை எடுத்துத் தின்றாள்.